துப்பாக்கி ரவைப் பெட்டிக்குள் சுருட்டு வைக்கலாமா? மாரிக்கு முன் முடிவெடுக்க வேண்டும்

குளக்கட்டு, ஒட்டுசுட்டான்

வணக்கம் உறவுகளே. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. பின்னேரம் மாட்டைக் கட்டிவிட்டு வந்து திண்ணையில் இருந்து ஒரு சுருட்டுப் பற்றுவார். நாளுக்கு அது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஒரே ஓர் இடத்துச் சுருட்டுத்தான் அவருக்குப் பிடிக்கும். அடிக்கடி போய்வர முடியாததால் ஐந்தாறு கட்டு ஒன்றாக வாங்கி வருவேன். மாரியில் அவை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கின்றன. சோளகம் வீசத் தொடங்கினால் மேலிலை வெடித்து உதிர்கிறது. போன வருடம் பாதிக் கட்டைக் குப்பையில் போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிப்போனது.

வீட்டில் ஒரு பச்சை ரவைப் பெட்டி இருக்கிறது. மீளக் குடியேறிய காலத்தில் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. மூடியில் றப்பர் பட்டி, பக்கத்தில் அழுத்திப் பூட்டும் கொண்டி. இதுவரை விதைக் கச்சானும் செத்தல் மிளகாயும் வைத்தோம். வெளிநாடுகளில் இந்தப் பெட்டிக்குள் சுருட்டுச் சேமிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா பத்து ஹவானாச் சுருட்டும் கொண்டுவந்து தந்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனிக்காலம், ரொறன்ரோ

தம்பி, நான் பன்னிரண்டு வருடமாக இதே மாதிரிப் பெட்டி இரண்டில் வைத்திருக்கிறேன். பெட்டியின் உள் அளவைப் பாருங்கள். கிட்டத்தட்ட 28 சென்ரிமீற்றர் நீளம், 14 அகலம், 18 உயரம் என்றால் அது 50 கலிபர் ரவைப் பெட்டி. எம்2ஏ1 என்று சொல்வார்கள். சுருட்டுக்கு அதுதான் வசதி. அதைவிட ஒடுங்கியது 30 கலிபர்ப் பெட்டி.

மரப்பெட்டிக்குள் இருந்து வரும் ஈயநிறத் தகரப் பேணிகள் வேறு. சீன, ரஷ்யத் துப்பாக்கி ரவைகள் அப்படித்தான் வரும். திறப்பானால் வெட்டித்தான் திறக்க வேண்டும், திறந்தால் பிறகு மூடாது. அவை இந்த வேலைக்கு உதவாது.

முதலில் றப்பரைச் சோதியுங்கள். இருட்டு அறையில் ரோச் லைற்றை எரியவிட்டு உள்ளே வைத்துப் பூட்டுங்கள், வெளிச்சம் கசியக்கூடாது. பிறகு வெறும் பெட்டியைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வந்தால் அந்த இடத்தில் றப்பர் செத்துவிட்டது. வாசலின், கிறீஸ் பூசாதீர்கள், சில றப்பர்கள் அதில் ஊதிப்போகும்.

ஹவானாச் சுருட்டுக்கு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 பாகை என்பது இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் கணக்கு. நான் 65 சதவீதப் போவெடாப் பொட்டலம் ஒன்று போட்டு விடுவேன். அது ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் இழுக்கும்.

சிவப்புத்தடி, பளை

சுருட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முகமாலைப் பக்கம் எட்டு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள்.

குளக்கட்டு அண்ணை கடையில் வாங்கிய பெட்டியை வைத்துக் கேட்கிறார், அது சரி. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது காட்டுக்குள்ளோ குளக்கரையிலோ கிடக்கும் பெட்டியை எடுக்கப் போகக்கூடாது. தயவு செய்து போகாதீர்கள். பெட்டி மூடியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. போர் முடிந்து மக்கள் திரும்பி வந்தபோது பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் கண்ணையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். வன்னியில் அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. எதையாவது கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பிப் போய் 119க்கு அறிவியுங்கள்.

வாங்குவதென்றால் திறந்து காட்டச் சொல்லி, வெறும் பெட்டியாக, கடையில் பற்றுச்சீட்டுத் துண்டு எழுதி வாங்குங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட அது வேண்டும்.

குளக்கட்டு, ஒட்டுசுட்டான்

நன்றி அக்கா. இதை நானே முதல் பதிவில் எழுதியிருக்க வேண்டும். நானும் என் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லி வளர்க்கிறேன்.

பனிக்காலம் அண்ணை, அளந்தேன். நீங்கள் சொன்ன அளவேதான். வெளிச்சம் கசியவில்லை. தண்ணீரில் ஒரு மூலையில் மட்டும் சின்னக் குமிழி வந்தது. றப்பரைக் கழற்றித் துடைத்தபோது அந்த இடத்தில் மிளகாய் விதை ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்த பிறகு குமிழி இல்லை. ஆனால் மூடியைத் திறந்தாலே பெயின்ற் நெடியும் மிளகாய் நெடியும் மூக்கில் ஏறுகின்றன. இதற்கு என்ன செய்வது?

கொட்டில்காரன் பேரன், கிளிநொச்சி

என் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து சுற்றுவார்கள், ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகை வாசிப்பார். அந்தக் கொட்டிலில் நான் பார்த்து வளர்ந்ததை வைத்துச் சொல்கிறேன்.

நெடிக்கு: சவர்க்காரம் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, அப்பச்சோடாவைக் குழைத்து உள்ளே பூசி ஒரு நாள் விட்டு, கழுவி, மூடியைத் திறந்தபடி நான்கு நாள் நல்ல வெயிலில் வையுங்கள். கையுறை போட்டுக் கழுவுங்கள், ரவை இருந்த பெட்டியில் ஈயத் தூசி இருக்கலாம். உள் பெயின்ற்றைச் சுரண்ட வேண்டாம், பழைய படைப் பெயின்ற்றின் தூள் மூச்சுக்குள் போகக்கூடாது. நெடி போகாவிட்டால் அந்தப் பெட்டியைச் சாமான் வைக்க விட்டுவிடுங்கள். புகையிலை பக்கத்தில் இருக்கும் எந்த நெடியையும் உறிஞ்சிவிடும். அப்பப்பா கொட்டிலுக்குள் மண்ணெண்ணெய்ப் போத்தல் வைக்கவே விடமாட்டார்.

இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம் என்பதற்கும் அதுதான் காரணம். நம் புகையிலை தென்னம் பொச்சுப் புகை ஊட்டியது, பிறகு கோடா என்ற பாணியும் போட்டது. ஒரு மாதம் ஒன்றாகக் கிடந்தால் ஹவானாவும் பொச்சுப் புகைதான் மணக்கும்.

நம் சுருட்டுக்கு 70 சதவீதம் வேண்டவே வேண்டாம். நம் ஆட்கள் அதைப் பனையோலைப் பெட்டியிலும் கொட்டப்பெட்டியிலும் வைத்தார்கள். ஓலை மூச்சு விடும், கூடிய ஈரம் வெளியே போகும். அதனால் நம் சுருட்டு கொஞ்சம் உலர்ந்தபடியே பழகியது. 60க்குக் கிட்ட வைத்தால் நன்றாக எரியும். தகரப் பெட்டி மூச்சு விடாது. எந்த ஈரத்தோடு உள்ளே போட்டீர்களோ அந்த ஈரத்தோடேயே அது கிடக்கும். வேலை முழுவதும் பூட்டுவதற்கு முன்னால்தான் இருக்கிறது.

பனிக்காலம், ரொறன்ரோ

கொட்டில்காரன் பேரன் சொன்னதைப் படித்த பிறகு என் பதிவில் ஒரு பெரிய பிழை தெரிகிறது. இங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும், சுருட்டுக்கு ஈரம் கொடுப்பதுதான் எங்கள் கவலை. எங்கள் பாடம் எல்லாம் அதைச் சுற்றித்தான். வன்னிக்கு அது தலைகீழ். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் சுவரே வியர்க்கும். அங்கே ஈரத்தை வெளியே நிறுத்த வேண்டும். 75 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சணம் நிச்சயம், அதுவும் உங்கள் வெப்பத்தில்.

ஆகவே குளக்கட்டு, பெட்டியை மழைநாளில் பூட்டாதீர்கள். ஆடி ஆவணியில் சோளகம் அடிக்கும் ஒரு மத்தியானம் சுருட்டுகளை நிழலில் ஓலைப் பாயில் ஒரு மணித்தியாலம் விட்டு, அப்படியே அடுக்கிப் பூட்டுங்கள். மருந்துப் போத்தலுக்குள்ளும் செருப்புப் பெட்டிக்குள்ளும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். ஈரம் ஏறினால் ஒன்றைப் போடலாம், இறங்கியதும் எடுத்துவிட வேண்டும்.

ஈரப்பதமானி ஒன்று கட்டாயம் தேவை. மலிவானது போதும், ஆனால் உப்பு வைத்துச் சோதியுங்கள். சோடா மூடியில் உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டு ஈர மணல் போல ஆக்கி, மானியோடு ஒரு பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு ஆனையிறவு உப்பே கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

வயல்வெளி, விசுவமடு

யாரும் இன்னும் வண்டைப் பற்றிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். குளக்கட்டு அண்ணை அந்தப் பெட்டியில் செத்தல் மிளகாய் வைத்திருந்தார் என்று படித்ததும் எழுத வந்தேன்.

செத்தலிலும் மல்லியிலும் வரும் சின்ன மண்ணிற வண்டு, இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், தலையைக் கீழே மடித்துக்கொண்டு கூன் விழுந்தது போல இருக்கும், தெரியும்தானே? அதேதான் புகையிலை வண்டு. ஒரே பூச்சி. சேதம் செய்வது அதன் புழு. சுருட்டுக்குள் சுரங்கம் தோண்டித் தின்று, வளர்ந்து வண்டானதும் ஊசித்துளை போட்டு வெளியே வரும். துளையை நாம் காணும்போது உள்ளே பாதி தூளாகிவிடும்.

அதன் முட்டை இலையோடேயே வரும், கண்ணுக்குத் தெரியாது. 18 பாகைக்குக் கீழே அது சும்மா கிடக்கும். 24, 25 தாண்டினால் பொரிக்கும், சூடு கூடக் கூட வேகமாகப் பெருகும். நம் வீட்டுக்குள் எந்த மாதத்தில் 25க்குக் கீழே நிற்கிறது? ரொறன்ரோ அண்ணையின் பெட்டியில் முட்டை பொரிக்காமலே கிடந்திருக்கும். இங்கே றப்பர் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் அதைப் பூட்டி வைத்தால் அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

எங்கள் வீட்டில் விதைக்கு வைத்த மல்லி முழுவதையும் அது ஒரு முறை தின்றுவிட்டது. வேப்பிலை, நொச்சியிலை போட்டிருந்தோம். வெளியிலிருந்து வருவதை அவை கொஞ்சம் தடுத்திருக்கலாம். உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யவில்லை.

பனிக்காலம், ரொறன்ரோ

வயல்வெளி சொல்வது முழுக்கச் சரி. அதற்கு உறைய வைப்பதுதான் வழி. சுருட்டை இரண்டு பொலித்தீன் பைக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டி, −18 பாகையில் மூன்று நான்கு நாள் வையுங்கள். வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் தட்டு அவ்வளவு குளிராது, அதில் என்றால் பத்து நாள் விடுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகு ஒரு நாள் வெளியே, அதற்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலிலை வெடிக்கும், மேலே தண்ணீரும் பூக்கும்.

உளிச்சத்தம், வவுனியா

தச்சன் என்ற முறையில் மரத்தைப் பற்றி மட்டும். ரவைப் பெட்டிக்குள் மெல்லிய பலகை வைத்தால் அது ஈரத்தை வாங்கிக் கொடுத்துச் சமப்படுத்தும், தகரத்தில் சுருட்டு முட்டாமலும் காக்கும். ஹவானாப் பெட்டிக்குப் போடும் ஸ்பானிய செடார் உண்மையில் செடார் இல்லை, அது வேம்பு, மகோகனிக் குடும்பம். மலையகத்தில் வளர்க்கும் தூனா மரம் அதற்கு நெருங்கிய சொந்தம், கிடைத்தால் அதை எடுங்கள். வேப்பம் பலகை வேண்டாம், கசப்பு மணம் ஏறும். தேக்கில் எண்ணெய் உண்டு. சித்தப்பாவின் ஹவானா மரப்பெட்டியில் வந்திருந்தால் அந்தப் பெட்டிப் பலகையையே பிரித்து உள்ளே போடுங்கள், அதைவிட நல்லது இல்லை.

செல், அதாவது எறிகணை, வந்த மரப்பெட்டியைச் சிலர் இதற்குக் கேட்டு வருகிறார்கள். பலகை பார்க்க அழகு, ஆனால் நான் செய்து கொடுப்பதில்லை. படைப் பெட்டிப் பலகைக்கு உக்காமல் இருக்க நஞ்சு ஏற்றுவார்கள். அமெரிக்கப் பெட்டிகளில் பென்டாகுளோரோபீனோல் பாவித்தார்கள். வாயில் வைக்கும் பொருளை அதற்குள் வைக்கக்கூடாது. அடுப்பிலும் எரிக்கக்கூடாது.

தென்னந்தோப்பு, முள்ளியவளை

எல்லோரும் நல்லெண்ணத்தில் எழுதுகிறீர்கள். ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தப் பச்சை நிறமும் அந்த மஞ்சள் எழுத்தும் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். 2009இல் என் தம்பியை இழந்தோம். அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன, அது எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டுச் சுருட்டைக் காப்பாற்ற வேறு பெட்டியே இல்லையா? பிஸ்கற் பேணி போதாதா?

குளக்கட்டு, ஒட்டுசுட்டான்

தென்னந்தோப்பு, உங்கள் வார்த்தையைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதுக்குள்ள இருந்தது போட்டுது. இப்ப என்ர விதை இருக்குது. இனிச் சுருட்டும் இருக்கட்டும்." அது அவருடைய மனம். உங்கள் அம்மாவின் மனமும் எனக்கு விளங்குகிறது. பெட்டியைத் திண்ணையில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மாரிக்குளம், புதுக்குடியிருப்பு

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அதனால் இருவர் சொல்வதும் எனக்குச் சொந்தக் கதை. 2009 தையில் ஊரை விட்டு வெளிக்கிடும்போது அம்மம்மா காணி உறுதியையும் எங்கள் பிறப்புப் பத்திரங்களையும் ரவைப் பெட்டி ஒன்றில் போட்டு, மாட்டுக் கொட்டிலின் மூலையில் தாட்டுவிட்டு வந்தார். மூன்று வருடத்துக்கு மேல் கழித்துத்தான் எங்கள் காணிக்குள் போக விட்டார்கள். வீடு இல்லை, கொட்டில் இல்லை, மூலை எது என்று பிடிக்கவே அரை நாள் போனது. பெட்டியின் வெளிப்பக்கம் கறள் பிடித்து அடி தெரியாமல் இருந்தது. உள்ளே ஒரு பேப்பர்கூட நனையவில்லை. அந்த உறுதி இருந்ததால்தான் காணியை நிரூபிக்க முடிந்தது. மூன்று மாரி தண்ணீருக்குள் கிடந்த பெட்டி அது. றப்பர் எப்படி என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தென்னந்தோப்பு, முள்ளியவளை

மாரிக்குளம், உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உறுதி தப்பியது நல்லது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வெள்ளைச்சட்டை, மாங்குளம்

நான் ஒரு தாதி. சுருட்டைக் கெடாமல் வைப்பது பற்றி இவ்வளவு கவனமாக எழுதும் பிள்ளைகள் அப்பாவின் வாயையும் பார்க்க வேண்டும். சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயாலேயே நிக்கொட்டின் ஏறும், வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் அதுவே வழி. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போடுகிறவர் என்றால் இன்னும் கூடும். ஆறாத புண், வெள்ளைப் படை, வாய் திறக்கச் சிரமம் இருந்தால் இரண்டு கிழமைக்கு மேல் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். பெட்டியைப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, கடைக்கு அனுப்பி வாங்கவும் வேண்டாம்.

குளக்கட்டு, ஒட்டுசுட்டான்

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். தை பிறந்துவிட்டது, நடந்ததை எழுதுகிறேன்.

அப்பச்சோடா, வெயில் எல்லாம் செய்தும் மிளகாய் நெடி முழுவதும் போகவில்லை. அந்தப் பெட்டியை விதைக்கே விட்டுவிட்டு, வேறொரு வெறும் பெட்டி துண்டோடு வாங்கினேன். ஹவானாவைத் தனியாகக் கண்ணாடிப் போத்தலில் வைத்தேன்.

முதல் தடவை பிழையாகிப் போனது என்னால்தான். ஆவணியில் மானி 58 காட்டியது. காய்ந்துவிடும் என்று பயந்து ஒரு சோடா மூடியில் ஈரப் பஞ்சு வைத்தேன். ஆறாம் நாள் 81. மேல் அடுக்கில் நான்கு சுருட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவற்றை எறிந்துவிட்டு மிச்சத்தை வெயில் படாத இடத்தில் ஆறவிட்டு, பெட்டியைத் துடைத்துக் காயவைத்துத் திரும்பப் பூட்டினேன். பிறகு பஞ்சு வைக்கவே இல்லை. மூன்று சிலிக்கா பொட்டலம் மட்டும் மாற்றி மாற்றிப் பாவித்தேன்.

உறைய வைக்க ஊரில் ஒரு மீன்காரரின் குளிர்ப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன். மூன்று பொலித்தீன் பை, அதற்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் டப்பா. மீன் மணம் ஏறவில்லை. வண்டு ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று நானே கண்டுகொண்டேன். பெட்டி பாதி வெறுமையாக இருந்தபோது விடியற்காலையில் மூடியின் உள்பக்கம் தண்ணீர் பூத்தது. தகரம் இரவில் சட்டென்று குளிர்கிறது. நிறைய அடுக்கி, சாக்கால் சுற்றி, தகரக் கூரைக்குக் கீழே இருந்த இடத்தை மாற்றி மண்வீட்டு அறைக்குள் கட்டிலுக்குக் கீழே வைத்த பிறகு அது நின்றுவிட்டது. கிழமைக்கு ஒரு தடவை மழை இல்லாத மத்தியானத்தில் ஐந்து நிமிடம் திறந்து மூடுகிறேன். மாரி முழுவதும் 61க்கும் 66க்கும் இடையிலேயே நின்றது.

வெள்ளைச்சட்டை அக்கா, அப்பாவை மாங்குளத்துக்குக் கூட்டிப் போய் வாயைக் காட்டினேன். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆறு மாதத்தில் திரும்பக் காட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவராகவே ஒரு சுருட்டை இரண்டாக வெட்டி, பாதியை அடுத்த நாளுக்கு வைக்கிறார். வெட்டிய பாதியையும் பெட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்கிறார்.

கொட்டில்காரன் பேரன், கிளிநொச்சி

பற்றாத பாதி என்றால் வைக்கலாம், வெட்டு வாயை வாழைச்சருகால் சுற்றிவிடுங்கள். பற்றி அணைத்தது என்றால் வேண்டாம், ஒரே இரவில் முழுப் பெட்டியும் சாம்பல் மணக்கும்.